குளியலறையை மாற்றிக் கட்ட பெர்மிட்: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

#1 ஐந்தடி_எட்டடி

அமெரிக்காவில், 1970களில் கட்டிய மரச்சட்ட வீடு. மாடியில் 5 அடிக்கு 8 அடி குளியலறை. கடைசிச் சுவரை ஒட்டி 30 அங்குல பாத்டப், அடுத்து கமோடு, வாசல் பக்கம் 36 அங்குல வேனிட்டி (வாஷ்பேசின் பதித்த அலமாரி). செய்ய நினைப்பது: பாத்டப்பை எடுத்துவிட்டு 42 அங்குல அகலத்தில் ஷவர், அதற்கு இடம் விட கமோடை ஓரடி வாசல் பக்கம் தள்ளுவது, 24 அங்குல வேனிட்டி, பக்கத்தில் ஒரு பிளக், புது எக்ஸாஸ்ட் ஃபேன், முழுக்க டைல்.

விலை கேட்ட காண்ட்ராக்டர்களில் ஒருவர் "இதெல்லாம் காஸ்மெட்டிக் வேலை, பெர்மிட்டே வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் நாலு பெர்மிட் என்கிறார். எது சரி? வாங்குவதானால் எந்த வரிசையில் வேலை நடக்க வேண்டும்?

#2 வரைபடம்

நாலு என்றவர்தான் சரி. பல ஊர்களில் கட்டிடம், பிளம்பிங், மின்சாரம், காற்றோட்டம் நாலையும் ஒரே விண்ணப்பத்தில் தருவார்கள். சில ஊர்களில் தனித்தனி.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. மாதிரி விதித்தொகுப்புகளை மாநிலமோ ஊரோ எடுத்துக்கொண்டு, தன் திருத்தங்களைச் சேர்த்து அமல்படுத்துகிறது. வீடுகளுக்குப் பெரும்பாலும் இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட், சுருக்கமாக ஐஆர்சி. பிளம்பிங்குக்கு மட்டும் சில மாநிலங்கள் யூனிஃபார்ம் பிளம்பிங் கோட், அதாவது யூபிசி. மின்சாரத்துக்கு நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோட், என்இசி. மூன்றும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. எந்த ஆண்டுப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆகவே முதல் வேலை: உங்கள் நகர அல்லது கவுண்டி கட்டிடத்துறையின் தளத்தில் எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு என்று பார்ப்பது. கீழே யார் எந்த அளவு சொன்னாலும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறையைப் பொறுத்தவரை ஐஆர்சி பெர்மிட்டிலிருந்து விலக்குத் தரும் வேலைகள் முக்கியமாக இவை: பெயின்ட், வால்பேப்பர், டைல், கார்ப்பெட், அலமாரி, கவுன்டர்டாப் போன்ற மேற்பூச்சு வேலை. குழாய் ஒழுகலை நிறுத்துவது, அடைப்பெடுப்பது. கமோடைக் கழற்றித் திரும்ப மாட்டுவது. மின்சாரத்தில், இருக்கிற பெட்டியில் பழைய பிளக்கைக் கழற்றிப் புதியது போடுவது.

உங்கள் பட்டியலில் இந்த விலக்குக்குள் வருவது டைலும் வேனிட்டியின் மரப்பெட்டியும் மட்டும். மற்ற எல்லாமே சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ மறையப்போகிற வேலை. நான் யாருக்கும் சொல்லும் சோதனை இதுதான்: வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இடம் மாறியிருக்குமா? மாறும் என்றால் பெர்மிட். வேலை பெரிதா சின்னதா, செலவு எவ்வளவு என்பது அப்புறம்.

#3 சும்மா_கேக்கறேன்

பழைய கமோடத் தூக்கிட்டு அதே இடத்துல புதுசு வெக்கறதுக்குமா பெர்மிட்? ஊர்ல யாரும் வாங்கற மாதிரி தெரியலயே.

#4 வரைபடம்

விதியின் வாசகத்தை அப்படியே படித்தால், "கழற்றித் திரும்ப மாட்டுவதற்கு" மட்டும்தான் விலக்கு. அதுவும் வால்வு, குழாய், சாதனம் எதையும் புதிதாக மாற்றாமலும் இடம் மாற்றாமலும் இருந்தால். ஆனால் நிறைய ஊர்கள் தங்கள் திருத்தத்தில் "அதே இடத்தில் அதே வகைச் சாதனம்" என்று கமோடு, வாஷ்பேசின், குழாய்முனைக்கு வெளிப்படையாகவே விலக்கு எழுதிவைத்திருக்கின்றன. உங்கள் ஊரின் விலக்குப் பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம்.

பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. ஒழுகலை நிறுத்த விலக்கு இருக்கிறது. ஆனால் மறைந்திருக்கும் டிராப்போ (நாற்றம் வராமல் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) கழிவுக் குழாயோ வென்ட் குழாயோ (கழிவுக் குழாய்க்குக் காற்று விடுவது) கெட்டுப்போய், அதை எடுத்துப் புதிய பொருள் போட வேண்டி வந்தால் அது புதிய வேலை என்று விதியே சொல்கிறது. சின்ன ஒழுகல் என்று சுவரை உடைத்தபின் பெர்மிட் தேவைப்படும் இடம் இதுதான்.

பெர்மிட் விலக்கு என்பது விதி விலக்கு அல்ல. பெர்மிட் தேவைப்படாத வேலையும் விதிப்படிதான் இருக்க வேண்டும்.

#5 உத்தரம்

கமோடு ஓரடி நகர்வதைத்தான் இந்தப் பட்டியலில் நான் முதலில் பார்ப்பேன். கீழே உள்ள ஜாயிஸ்ட் (தரையைத் தாங்கும் கட்டை) எந்தத் திசையில் ஓடுகிறது, எந்த அளவு? அதைத் தெரிந்துகொள்ளாமல் வரைபடம் போடாதீர்கள்.

அறுத்த மர ஜாயிஸ்டில் துளை, ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் குறைந்தது 2 அங்குலம் மரம் இருக்க வேண்டும். வெட்டுக்காடி (விளிம்பில் வெட்டும் பள்ளம்) என்றால் ஆழத்தில் ஆறில் ஒரு பங்கு வரைதான், அதுவும் நீளத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில் கூடவே கூடாது.

கணக்கைப் பாருங்கள். 2×10 என்ற ஜாயிஸ்டின் உண்மை ஆழம் 9¼ அங்குலம். மூன்றில் ஒரு பங்கு 3 அங்குலத்துக்குச் சற்று மேல். கமோடுக்குக் குறைந்தபட்சக் குழாய் 3 அங்குலம். அதன் வெளிவிட்டமோ 3½ அங்குலம். ஆக 2×10 வழியாகக் கமோடுக் குழாய் போகவே போகாது. 2×12 என்றால் ஆழம் 11¼, மூன்றில் ஒன்று 3¾. அங்கே கால் அங்குல இடைவெளியில் நுழையும், ஆனால் வாட்டம் கொடுக்க ஒவ்வொரு ஜாயிஸ்டிலும் துளை கீழே கீழே இறங்க வேண்டும். நிறைய ஜாயிஸ்ட் தாண்டினால் 2 அங்குல விளிம்பு விதி இடிக்க ஆரம்பிக்கும்.

ஜாயிஸ்டுக்கு இணையாக, ரெண்டுக்கும் நடுவில் குழாய் ஓடுமானால் இந்தச் சிக்கல் எதுவுமில்லை. குறுக்கே ஓட வேண்டுமானால் மூன்று வழி: கீழ் அறையில் பெட்டி கட்டி அதற்குள் குழாயைத் தொங்கவிடுவது, பொறியாளர் கையொப்பத்தோடு ஜாயிஸ்டைப் பலப்படுத்துவது, அல்லது கமோடை நகர்த்தாமல் விடுவது. ஐ-ஜாயிஸ்ட் (I வடிவில் ஒட்டிச் செய்த கட்டை) என்றால் தயாரிப்பாளரின் துளை அட்டவணைதான் சட்டம். அதன் மேல், கீழ் விளிம்புக் கட்டையில் ரம்பமே படக்கூடாது. டிரஸ் (சிறு கட்டைகளை முக்கோணமாக இணைத்த சட்டகம்) என்றால் பொறியாளர் இல்லாமல் ஒரு வெட்டுக்கூட முடியாது.

சுவர்ச் சட்டத்துக்கு வேறு அளவு. பாரம் தாங்கும் சுவரின் ஸ்டட்டில் (செங்குத்துக் கட்டையில்) துளை அகலத்தில் 40 சதவீதம் வரை, தாங்காததில் 60 சதவீதம் வரை. காடி முறையே 25, 40. துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் ⅝ அங்குலமாவது மரம் நிற்க வேண்டும்.

#6 வாட்டம்

உத்தரம் அண்ணன் சொன்னதோடு பிளம்பிங் பக்கத்தையும் சேர்த்துக்கறேன்.

பாத்டப்ப எடுத்துட்டு ஷவர் போடறதுதான் இன்ஸ்பெக்‌ஷன்ல அதிகமா விழற இடம். பாத்டப்புக்கு 1½ அங்குல டிரெயின் இருக்கும். யூபிசி நடக்கற ஊர்ல ஷவருக்கு 2 அங்குலம் கட்டாயம். டிராப்பும் 2, அதுக்கு அப்புறம் போற குழாயும் 2. ஐஆர்சில ஷவர் தலைகள் எல்லாம் சேர்ந்து நிமிஷத்துக்கு 5.7 கேலனுக்குள்ள இருந்தா 1½ ஏத்துக்கலாம். ஏத்துக்கலாம்னாலும் நான் போட மாட்டேன். பாத்டப் அடைச்சாலும் தண்ணி தொட்டிக்குள்ளதான் நிக்கும். ஷவர் தரையில அடைச்சா ரெண்டு அங்குலத்துல வரப்பை (ஷவர் வாசல்ல இருக்கற தாழ்வான மேட்டை) தாண்டிடும்.

வாட்டம்: 2½ அங்குலம் வரைக்கும் குழாய்க்கு அடிக்கு ¼ அங்குலம். 3 அங்குலத்துக்கு ஐஆர்சி ⅛ வரைக்கும் விடும். யூபிசி ஊர்ல ¼னே வெச்சுக்குங்க.

அடுத்தது டிராப்பிலேர்ந்து வென்ட் வரைக்கும் தூரம். ஐஆர்சில 1¼ குழாய்க்கு 5 அடி, 1½க்கு 6, 2க்கு 8, 3க்கு 12. மனப்பாடம் பண்ண வேண்டாம், இதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அடிக்கு ¼ அங்குல வாட்டத்துல அந்தத் தூரம் ஓடினா குழாய் எவ்வளவு இறங்கும்? சரியா அதோட விட்டம் அளவு. 6 அடிக்கு 1½ அங்குலம், 8 அடிக்கு 2 அங்குலம். அதுக்கு மேல இறங்கினா வென்ட் வாய் டிராப்போட நீர்மட்டத்துக்குக் கீழ போயிடும். அப்ப ஓடற தண்ணியே டிராப்புல இருக்கற தண்ணியையும் உறிஞ்சி எடுத்துட்டுப் போயிடும், சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள. அதே காரணத்தால அடிக்கு அரை அங்குலம் வாட்டம் குடுத்தா "நல்லா ஓடும்"னு நினைக்காதீங்க, பாதித் தூரத்துலயே விட்டம் அளவு இறங்கிடும், அதைத் தாண்டினா ஃபெயில்.

யூபிசி இன்னும் இறுக்கம்: 1¼க்கு 2½ அடி, 1½க்கு 3½, 2க்கு 5, 3க்கு 6. கமோடுக்கு ஐஆர்சில தூர எல்லை இல்ல, அது தானே உறிஞ்சற சாதனம். யூபிசில 6 அடிதான்.

ஷவர் டிரெயின் பாத்டப் டிரெயின் இருந்த எடத்துலேர்ந்து நடுவுக்கு நகரும். அதனால வென்ட் தூரம் மாறும். வரைபடத்துல வென்ட் எங்கன்னு காட்டலன்னா திருப்பி அனுப்புவாங்க.

ஷவர் வால்வும் மாத்தணும். பழைய ரெண்டு கைப்பிடி வால்வு செல்லாது. யாராவது கமோடை ஃப்ளஷ் பண்ணினதும் குளிர் தண்ணி அழுத்தம் குறைஞ்சு மேல கொதிநீர் கொட்டாம இருக்க, அழுத்தமோ வெப்பமோ சமன்படுத்தற வால்வு வேணும். அதிகபட்சம் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுல நிக்கற மாதிரி அதோட தடுப்பை வேலை முடியறப்ப திருகி வெக்கணும். இறுதி இன்ஸ்பெக்‌ஷன்ல தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கறவங்க உண்டு.

#7 ஐந்தடி_எட்டடி

பழைய வேனிட்டிக்குக் கீழே டிராப் தரைக்குள் நேராக இறங்குகிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

#8 வாட்டம்

அது எஸ்-டிராப். புதுசாப் போட அனுமதி இல்ல. பேசினோட டிரெயினைத் தொடாம விட்டா பழசாவே இருக்கட்டும்னு விட்டுடுவாங்க. நீங்க 36ஐ எடுத்துட்டு 24 வெக்கறீங்க, டிரெயின் நகரும், அப்ப சுவருக்குள்ள போற பி-டிராப்பும் வென்ட்டும் கேப்பாங்க. வென்ட் கொண்டுபோக வழியே இல்லன்னா, காத்தை உள்ள மட்டும் விடற வால்வை ஐஆர்சி நிபந்தனையோட ஒத்துக்குது. யூபிசி ஊர்ல அதை நம்பி வரைபடம் போடாதீங்க. அதை எங்க ஒத்துக்கிட்டாலும் சுவருக்குள்ள அடைச்சு மூடக்கூடாது. கைக்கு எட்டணும், காத்து போகணும்.

#9 செம்புக்கம்பி

மின்சாரம். 70களின் குளியலறை என்றால் விளக்கும் பிளக்கும் பக்கத்துப் படுக்கையறை சர்க்யூட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். புதிய பிளக் போட அந்தக் கம்பியை நீட்ட முடியாது.

குளியலறைப் பிளக்குக்கு 20 ஆம்ப் சர்க்யூட், 12 கேஜ் செம்புக் கம்பி. அந்த சர்க்யூட் ரெண்டில் ஒரு விதமாக இருக்கலாம்: வீட்டிலுள்ள குளியலறைகளின் பிளக்குகளுக்கு மட்டும், அல்லது இந்த ஒரே குளியலறையின் பிளக், விளக்கு, ஃபேன் எல்லாவற்றுக்கும். ரெண்டையும் கலந்து, ரெண்டு குளியலறைப் பிளக்கோடு ஒன்றின் ஃபேனையும் சேர்ப்பதுதான் வழக்கமான தப்பு.

பேசினின் வெளி விளிம்பிலிருந்து 3 அடிக்குள் ஒரு பிளக்காவது வேண்டும். குளியலறைப் பிளக் அத்தனைக்கும் ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு. தரையைச் சூடாக்கும் மின்கம்பி போடுகிறீர்கள் என்றால் அதற்கும் ஜிஎஃப்சிஐ.

ஷவர் வரப்பு அல்லது தொட்டி விளிம்பிலிருந்து கிடைமட்டமாக 3 அடி, உயரமாக 8 அடி: இந்தப் பகுதிக்குள் தொங்கும் விளக்கு, டிராக் விளக்கு, சீலிங் ஃபேன் கூடாது. கூரையோடு பதித்த விளக்கு போடலாம், தண்ணீர் தெறிக்கும் இடமானால் ஈர இடத்துக்கென்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்விட்ச் ஷவருக்குள் கூடாது. பிரேக்கர் பெட்டி குளியலறைக்குள் கூடாது. இடத்தை விரிக்க அடுத்த அறைச் சுவரை உடைக்கிறவர்கள் அந்தச் சுவரில் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரஃப்-இன் (சுவர் மூடுமுன் குழாயும் கம்பியும் திறந்திருக்கும் கட்டம்) பார்க்க வரும் இன்ஸ்பெக்டர் கையோடு பார்ப்பவை: பிளக், ஸ்விட்ச் பெட்டிக்குள் 6 அங்குலமாவது நீளக் கம்பி, கேபிள் உறை கால் அங்குலமாவது பெட்டிக்குள் வந்திருப்பது, இறுக்கி இல்லாத ஒற்றை பிளாஸ்டிக் பெட்டி என்றால் 8 அங்குலத்துக்குள் கேபிளைப் பிடிக்கும் கொக்கி, மற்றதில் 12 அங்குலத்துக்குள். ஸ்டட் முகத்திலிருந்து 1¼ அங்குலத்துக்குள் கேபிள் போனால் இரும்புத் தகடு. இந்தத் தகடு இல்லாததுதான் நான் பார்த்தவரை அதிகம் எழுதப்படும் குறிப்பு. ஒரு நிமிட வேலை, ஆனால் மறுவருகை ஒரு வாரம் தள்ளிப்போகும்.

பெட்டி கொள்ளளவையும் கணக்குப் பார்ப்பார்கள். 12 கேஜுக்கு ஒரு கம்பிக்கு 2.25 கன அங்குலம். ஜிஎஃப்சிஐக்கு வந்து போகும் ரெண்டு கேபிள் என்றால் நாலு கம்பி, எர்த் சேர்த்து ஒன்று, சாதனத்துக்கு ரெண்டு. ஏழு பெருக்கல் 2.25, அதாவது 15.75. 18 கன அங்குலப் பெட்டி போதும். 14 கன அங்குலப் பழைய பெட்டியில் திணித்தால் ஃபெயில்.

#10 சும்மா_கேக்கறேன்

சன்னல் இருந்தா ஃபேன் வேண்டாம்னு சொல்றாங்களே?

#11 செம்புக்கம்பி

ஐஆர்சியில் 3 சதுர அடி கண்ணாடி, அதில் பாதி திறக்கும்படி இருந்தால் போதும். ஆனால் சில மாநிலங்களும் ஊர்களும் சன்னல் இருந்தாலும் ஃபேன் கேட்கும். ஃபேன் என்றால் தேவைக்குப் போடுவது 50 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), ஓயாமல் ஓடுவது 20 சிஎஃப்எம். குழாய் நேராக வெளியே போக வேண்டும். பரணில் விடுவது நேரடி மீறல், குளிர்காலத்தில் கூரைப்பலகை நனைந்து கறுத்துப்போவது அதனால்தான். வெளிவாய் திறக்கும் சன்னலிலிருந்தும் அடுத்த மனை எல்லையிலிருந்தும் 3 அடி தள்ளி இருக்க வேண்டும்.

ஃபேனை ஷவருக்கு நேர் மேலே வைத்தால், அது அதற்கு ஏற்றதென்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். ஜிஎஃப்சிஐ பின்னால் போடச் சொல்லியிருந்தால் அப்படித்தான். டப்பாவில் இருக்கும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இறுதி வருகையில் கேட்பார்கள்.

அந்தச் சன்னல் ஷவருக்குள் வருகிறதா? கண்ணாடியின் கீழ் விளிம்பு நிற்குமிடத்திலிருந்து 60 அங்குலத்துக்குக் கீழே என்றால் பாதுகாப்புக் கண்ணாடியாக மாற்ற வேண்டும். கண்ணாடி மூலையில் பொறித்த முத்திரை இருக்கும். அந்த முத்திரையைத்தான் தேடுவார்கள்.

#12 சாந்துக்கரண்டி

டைலுக்குப் பெர்மிட் வேண்டாம் என்றதைப் படித்துவிட்டு ஷவர் தரையையும் அதோடு சேர்த்துவிடாதீர்கள். டைலுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம் பிளம்பிங் வேலை. டைல் அதன்மேல் போடும் அலங்காரம்தான்.

பழைய முறைத் தரை: முதலில் அடிச்சாந்து, டிரெயினை நோக்கி அடிக்கு ¼ அங்குல வாட்டம். அதன்மேல் படலம். படலம் மட்டமான பலகைமேல் நேராகக் கிடந்தால் டைல் இடுக்கில் இறங்கும் தண்ணீர் வழியாமல் தேங்கும், ஆறு மாதத்தில் நாறும். இதுதான் நிறையப் பேர் விட்டுவிடும் படி. படலத்தின் ஓரம் முடிவுற்ற வரப்பு மட்டத்துக்கு மேல் குறைந்தது 2 அங்குலம் ஏற வேண்டும், யூபிசியில் 3. வரப்பு மட்டத்துக்கு மேல் ஓரங்குலம் வரை ஆணி கூடவே கூடாது.

சுவரில் டைலுக்குப் பின்னால் பச்சை ட்ரைவால் (காகித முகம் கொண்ட ஜிப்சம் சுவர்ப்பலகை) ஷவர் பகுதியில் செல்லாது. சிமென்ட் பலகை, ஃபைபர் சிமென்ட், அல்லது கண்ணாடி இழை முகம் கொண்ட ஜிப்சம் பலகை. நீர் உறிஞ்சாத பரப்பு தரையிலிருந்து 6 அடி உயரமாவது இருக்க வேண்டும்.

நீர்ச் சோதனை: டிரெயினை அடைத்து, வரப்பில் 2 அங்குல ஆழம் வரும்வரை நிரப்பி, ஐஆர்சிப்படி 15 நிமிடம். படலத் தயாரிப்பாளர்கள் பலர் 24 மணி நேரம் கேட்கிறார்கள். தயாரிப்பாளர் சொன்னதும் விதியில் ஒரு பகுதிதான் என்பதால், நிறைய இன்ஸ்பெக்டர்கள் "நேற்று நிரப்பி வைத்திருக்க வேண்டும், இன்று வந்து பார்ப்பேன்" என்பார்கள். நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். முந்தைய நாள் மாலை நிரப்பி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.

இந்தச் சோதனை பொய்யாகத் தோற்பது அடைப்பான் வைக்கும் இடத்தால். படலத்தைப் பிடித்து இறுக்கும் வளையம் கொண்ட டிரெயினில் படல மட்டத்திலேயே கசிவுத் துளைகள் உண்டு. அடைப்பானை மேலே வைத்தால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகக் குழாய்க்குள் போய்க்கொண்டே இருக்கும், படலம் ஓட்டை என்று நினைத்துப் பிய்ப்பீர்கள். காற்றடைத்த உருண்டை அடைப்பானைத் துளைகளுக்குக் கீழே, குழாய்க்குள் இறக்கி ஊதுங்கள்.

#13 வரைபடம்

வரிசை கேட்டிருந்தீர்கள்.

விண்ணப்பத்துக்கு ரெண்டு வரைபடம்: இப்போது இருப்பது, இனி வரப்போவது. அளவுகளோடு சாதனங்களின் இடம், பிளக், ஸ்விட்ச், விளக்கு, ஃபேனின் சிஎஃப்எம், அதன் குழாய் போகும் பாதை, டிரெயின், வென்ட். ஜாயிஸ்டைத் தொடுவதானால் அதன் அளவு, திசை, இடைவெளி. சுவர் எதையும் நகர்த்தாத குளியலறைக்குக் கையால் அளவு பார்த்து வரைந்ததைப் பல ஊர்கள் ஏற்கும்.

பிறகு இடிப்பு. அடுத்து மரச்சட்டம், குழாய், கம்பி, ஃபேன் குழாய். எல்லாம் திறந்திருக்கும்போது ரஃப்-இன் இன்ஸ்பெக்‌ஷன். கழிவுக் குழாயில் தண்ணீர் நிரப்பி 15 நிமிடம் சொட்டாமல் நிற்க வேண்டும், குடிநீர்க் குழாய் அழுத்தத்தில் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருமுன்பே நிரப்பி வைக்காவிட்டால் அப்படியே திரும்பிப் போவார். வெளிச்சுவர் என்றால் வெப்பக்காப்பு. ஷவர் தரைச் சோதனை. சில ஊர்களில் ட்ரைவால் ஆணி பார்க்கவும் வருவார்கள். அப்புறம்தான் மூடுவது, டைல், சாதனங்கள், கடைசி வருகை. ஒரு கட்டத்துக்கு ஒப்புதல் வாங்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது.

பெர்மிட் தந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டாலும், தொடங்கி 180 நாள் நின்றுபோனாலும் ஐஆர்சிப்படி பெர்மிட் காலாவதி. தேவைப்பட்டால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு நீட்டிக்கலாம்.

பலரை ஆச்சரியப்படுத்துவது ஒன்று: உள்வேலைக்குப் பெர்மிட் வாங்கியதும் வீடு முழுக்கப் புகை எச்சரிக்கைக் கருவி புதுவீட்டு விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும், அவற்றுக்கு வெளியே, ஒவ்வொரு தளத்திலும். பிளம்பிங் வேலை மட்டும் என்றால் ஐஆர்சியில் விலக்கு உண்டு. உங்களுடையது அப்படியல்ல. கலிபோர்னியாவில் 1994க்கு முந்தைய வீடானால் இன்னொன்றும்: வீட்டிலுள்ள மற்ற கமோடு, ஷவர் தலை, குழாய்முனையும் நீர்சிக்கன அளவுக்குள் இருந்தால்தான் கடைசிக் கையெழுத்து.

அடுக்குமாடி என்றால் சங்கத்தின் ஒப்புதல் தனி. அது பெர்மிட்டுக்கு மாற்று இல்லை.

#14 உத்தரம்

70கள் என்று சொன்னதால்: 1978க்கு முன் கட்டிய வீடானால் ஈயப் பெயின்ட் விதி உண்டு. கூலிக்கு வேலை செய்பவர் ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேல் பெயின்ட் பரப்பைக் கலைத்தால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். 2010 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளது. தரையில் 9 அங்குலச் சதுரப் பழைய வினைல் ஓடு தென்பட்டால் இடிப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை. சுரண்டிய பிறகு பரிசோதித்து என்ன பயன்.

#15 சும்மா_கேக்கறேன்

காண்ட்ராக்டர் "நீங்களே ஓனர் பேர்ல பெர்மிட் எடுங்க, சீக்கிரம் கிடைக்கும்"னா எடுக்கலாமா?

#16 வரைபடம்

தானே வேலை செய்கிறவருக்கு அந்த வழி. கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு ஓனர் பெயரில் எடுத்தால், விதிமீறலுக்கும் பொறுப்பு உங்களுடையது, பல இடங்களில் வேலையாள் அடிபட்டாலும் உங்கள் தலையில்தான் விழும். லைசென்ஸ் இல்லாதவரும் லைசென்ஸ் முடங்கியவரும்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்பார்கள். மாநில லைசென்ஸ் தளத்தில் அவர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், தொழிலாளர் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்றும் அங்கேயே பல மாநிலங்களில் தெரியும். ஒப்பந்தத்தில் "பெர்மிட் எடுப்பதும் இறுதி ஒப்புதல் வாங்குவதும் காண்ட்ராக்டர் பொறுப்பு" என்ற வரியும், கடைசித் தவணை அந்த ஒப்புதலுக்குப் பிறகே என்ற வரியும் இருக்கட்டும்.

#17 தாமதமாக_வந்தவன்

ஏற்கெனவே பெர்மிட் இல்லாமல் எல்லாம் மூடி டைலும் போட்டாச்சு என்றால் என்ன வழி?

#18 வரைபடம்

வேலை முடிந்த பிறகும் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அபராதக் கட்டணம் சேரும். மறைந்த வேலையைப் பார்க்கவேண்டும் என்று திறக்கச் சொல்ல இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டு, புகைப்படத்தை மட்டும் நம்பி விடுபவர்கள் குறைவு.

#19 சாந்துக்கரண்டி

திறக்கச் சொன்னால் டைல் பக்கம் கை வைக்காதீர்கள். ஷவர் வால்வுச் சுவரின் மறுபக்கம் அலமாரியோ படுக்கையறையோ இருக்கும், அங்கே ட்ரைவாலை வெட்டினால் வால்வும் குழாயும் தெரியும். மாடிக் குளியலறை என்றால் கீழ் அறைக் கூரையில் 2 அடிச் சதுரம் வெட்டினால் டிராப், கமோடு வளைவு, ஜாயிஸ்ட் துளை எல்லாம் ஒரே பார்வையில். ட்ரைவால் ஒட்டுவது ஒரு நாள் வேலை. ஷவர் தரைப் படலத்துக்கு மட்டும் மறுபக்கம் கிடையாது. அதற்கு டிரெயினை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் கீழிருந்து பார்க்க ஒத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள்.

#20 ஐந்தடி_எட்டடி

ஃபேன் துளை வழியாகவும் கீழ் அறை விளக்குத் துளை வழியாகவும் பார்த்தேன். ஜாயிஸ்ட் 2×10, கமோடு நகர வேண்டிய திசைக்குக் குறுக்கே. எங்கள் ஊரில் ஐஆர்சி. கமோடு அங்கேயே இருந்தால் பாத்டப் இருந்த 30 அங்குலத்தில்தான் ஷவர். வரப்பு 4 அங்குலம், பின்சுவர் பலகையும் டைலும் ஓர் அங்குலம். உள்ளே 25தான் மிஞ்சுகிறது. ஷவர் 30 அங்குலம் இருக்க வேண்டுமே?

#21 வாட்டம்

கவலையே வேண்டாம். ஐஆர்சி பொது விதி 900 சதுர அங்குலம், எந்தப் பக்கமும் 30க்குக் குறையாம. ஆனா ஐஆர்சிலயே விலக்கு இருக்கு: பரப்பு 1300 சதுர அங்குலத்துக்குக் குறையாம இருந்தா ஒரு பக்கம் 25 வரைக்கும் போகலாம். பாத்டப் எடத்துல ஷவர் போடறவங்களுக்கு அப்படியே பொருந்தும். உங்க நீளம் 60, ரெண்டு பக்கமும் ஓரங்குலம் போனா 58. 58 பெருக்கல் 25, 1450. தாண்டிடுச்சு. யூபிசி ஊர்லயும் ஷவர் தட்டு மொத்தமா 30க்கு 60 இருந்தா அளவு விதிலேர்ந்து விலக்கு உண்டு.

ஆனா 25ங்கறது முடிஞ்ச அளவு, ஸ்டட்டுலேர்ந்து ஸ்டட்டுக்கு இல்ல. உங்க கணக்கு சரியா 25ல நிக்குது, கால் அங்குலம் சாந்து தடிச்சாலும் போச்சு. பின்சுவர்ல மெல்லிய பலகை போட்டு அரை அங்குலம் மிச்சம் பிடிங்க. இல்லன்னா வரப்பை ஓரங்குலம் கமோடு பக்கம் தள்ளுங்க.

#22 உத்தரம்

தள்ளினால் கமோடு பக்கம் அளந்துவிட்டுத் தள்ளுங்கள். கமோடின் நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் சுவர், தடுப்பு, வேனிட்டி எதுவானாலும் 15 அங்குலம் காலியாக வேண்டும். முன்னால் 21, யூபிசியில் 24. உங்கள் அறையில் 30ம் 30ம் 36ம் சேர்ந்து சரியாக 96 அங்குலம், அதாவது கமோடுக்கு ரெண்டு பக்கமும் மிச்சமே இல்லாத 15. வரப்பு தாழ்வானது, அதைப் பெரும்பாலும் தடையாக எடுப்பதில்லை. அதன்மேல் நிற்கும் கண்ணாடியைத்தான் எடுப்பார்கள். கண்ணாடியை வரப்பின் நடுக்கோட்டில் நிறுத்துங்கள், அப்போது ஓரங்குலம் தள்ளினாலும் 15 மிஞ்சும். வேனிட்டி 36ஆகவே இருக்கலாம், ஆனால் கவுன்டர்டாப் விளிம்பு பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அளவு அங்கிருந்து தொடங்கும். கடையில் பெட்டி அளவைப் பார்க்காமல் மேல்பலகை அளவைப் பாருங்கள்.

#23 ஐந்தடி_எட்டடி

மேல்பலகை 37 என்று போட்டிருக்கிறது. அதனால் 30 அங்குல வேனிட்டியையே வரைபடத்தில் போட்டு, கமோடைத் தொடாமல் விண்ணப்பிக்கிறேன்.

#24 வாட்டம்

நல்லது. ஷவர் டிரெயின் 2 அங்குலம்னும், வென்ட் வரைக்கும் எத்தனை அடின்னும் வரைபடத்துலயே எழுதிடுங்க. புதுத் தரை உயரம் ஏறினா கமோடு ஃபிளாஞ்சும் (கமோடைத் தரைக் குழாயோட இணைக்கற வளையம்) ஏறணும், அது முடிஞ்ச தரைக்கு மேல உக்காரணும், டைலுக்குக் கீழ புதைஞ்சு இருக்கக்கூடாது. தொடாம விடறோம்னு அதை மறந்துடாதீங்க.